குருதி ஏற்றுவது எப்பொழுது?

சென்ற குளிர்காலத்தில் ரொறன்ரோ வைத்தியசாலை ஒன்றிலே நண்பர் ஒருவரின் தாயாரைப் பார்க்கச் சென்றிருந்தேன். வயது 78. பனியில் வழுக்கி வீழ்ந்து இடுப்பெலும்பு முறிந்து, சத்திரசிகிச்சை முடிந்த மூன்றாம் நாள். நண்பர் கொதித்துப் போய் நின்றார்.

"அம்மாவுக்கு இரத்தம் 86இற்கு இறங்கிவிட்டது, மாஸ்டர். 120 இருக்க வேண்டுமாம். ஒரு போத்தல் ஏற்றுங்கோ என்றால் தேவையில்லை என்கிறார்கள். அகதிகள்தானே என்ற எண்ணம்!"

இத்தகைய ஐயம் நம்மிடையே புதிதன்று. ஊரிலே ஒரு போத்தல் இரத்தத்திற்காக உறவினரைத் தேடி ஓடியவர்கள் நாம். அரிதாய்க் கிடைப்பது நன்மையே செய்யும் என மனம் பழகிவிட்டது. ஆயினும் இவ்விடயத்தில் நண்பரின் கோபம் நியாயமன்று.

மருத்துவ உலகமும் நெடுங்காலம் அவ்வாறே எண்ணியிருந்தது. ஈமோகுளோபின் லீற்றருக்கு 100 கிராமிலும் குறைந்தால் குருதி ஏற்றுவதே வழக்கம். அவ்வழக்கைப் பெரிய அளவில் சோதித்துப் பார்த்தவர்கள் கனேடியர்களே. வைத்தியர் போல் ஹீபேர்ட் குழுவினர் 1999இல் வெளியிட்ட ஆய்விலே, தீவிர சிகிச்சைப் பிரிவுகளின் நோயாளர் 838 பேரில் ஒரு சாராருக்கு 100இலும், மறுசாராருக்கு 70இலும் குறைந்தபோதே குருதி ஏற்றப்பட்டது. 30 நாட்களுள் இறந்தோர் முன்னவரில் 23.3 வீதம், பின்னவரில் 18.7 வீதம். இவ்வேறுபாடு தற்செயலாகவும் இருக்கலாம். எனினும் பொறுத்திருந்ததனால் தீங்கு விளைந்ததாகத் தெரியவில்லை.

2011இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு நண்பரின் தாயாரைப் போன்றோருக்கென்றே செய்ததுபோல் அமைந்தது. இடுப்பெலும்பு முறிந்த, இதயநோயோ அதற்கான ஏதுக்களோ உள்ள 2016 பேர். 80 வரை பொறுத்தவர்களுக்கும் 100இலேயே ஏற்றப்பட்டவர்களுக்கும் மரணத்திலோ, நடக்கும் ஆற்றலிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. 2023இன் சர்வதேச வழிகாட்டல் பொதுவாக 70 என்றும், எலும்புச் சத்திரசிகிச்சை பெற்றோருக்கும் இதயநோயாளருக்கும் 80 என்றும் கூறுகிறது. மாரடைப்பு நேர்ந்தவர்கள் விடயம் வேறு. அவர்களுக்குச் சற்று உயர்வாக வைத்திருப்பதே நன்றென அதே ஆண்டின் ஆய்வொன்று கருத இடமளித்தது.

ஏற்றினால் என்ன குறை என்பீர்கள். காய்ச்சல், ஒவ்வாமை என்பன ஒருபுறமிருக்க, முதியவரின் இதயம் கூடுதற் பாய்பொருளைத் தாங்காது நுரையீரலில் நீர் கோத்துவிடலாம். ஆகவேதான் ஒரு பை ஏற்றிவிட்டுப் பார்ப்பார்கள். ஒரு பையினால் ஏறத்தாழ 10 கிராம் உயரும்.

இவ்வளவையும் நண்பருக்கு விளக்கிக்கொண்டிருந்த வேளையில் வைத்தியர் வந்தார். அம்மா, "எழும்பினால் களைக்குது" என்றார். மகன் அதனைச் 'சோர்வு' என ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். சத்திரசிகிச்சைக்குப் பின் அது இயல்பே என வைத்தியர் தலையசைத்தார். எனக்கு உறைத்தது. நம்மூர்க் களைப்பு வெறும் சோர்வன்றே! "மூச்சு வாங்குதோ, அம்மா?" எனக் கேட்டேன்.

"ஓம் தம்பி. நெஞ்சும் அடைக்குது. பிள்ளை பயப்படுவான் என்று சொல்லேல்லை."

நாக்கின் கீழ் வைக்கும் நெஞ்சுவலிக் குளிசையை அவர் ஊரிலிருந்தே பாவித்து வந்ததும் அப்போதுதான் வெளிவந்தது. வைத்தியரின் முகம் மாறிற்று. இதயப் பரிசோதனை உடனே நடந்தது, மாரடைப்பு இல்லை. புதிய இரத்தப் பரிசோதனையில் 79. அன்றிரவே ஒரு பை, மெதுவாக ஏற்றப்பட்டது. காலையில் 88, நெஞ்சடைப்பும் இல்லை.

அதே வைத்தியர், அதே நோயாளி. அறிகுறிகள் சரியாகச் சொல்லப்படாதபோது எண் மட்டுமே அவர் கையில் இருந்தது. பெற்றோருக்காகப் பேசும் பிள்ளைகள் மூச்சிரைப்பு, நெஞ்சுவலி, தலைச்சுற்று, படபடப்பு, மலம் கறுத்துப் போதல் ஆகியவற்றைத் தனித்தனியே கேட்டறிந்து கூறுங்கள். பாவிக்கும் குளிசைகளைப் பையோடு கொண்டு செல்லுங்கள். மொழிபெயர்ப்பாளரைக் கேட்பதற்குக் கூச்சம் வேண்டாம்.

அம்மா இப்போது வீட்டில் இரும்புச்சத்துக் குளிசை எடுக்கிறார். தேநீருடன் எடுத்தால் உடலிற் சேர்வது குறையும் என மகன் தடுக்கிறார். காலைத் தேநீரை ஒரு மணி நேரம் பின்போட அவர் இன்னும் இணங்கவில்லை.