மூன்றெழுத்து ஓட்டம்

இங்கிலீஷில் நீளமான வார்த்தைகளைப் பார்த்துப் பயப்படாதீர்கள். பயப்பட வேண்டியது 'ரன்' மாதிரி மூன்றெழுத்து ஆசாமிகளுக்குத்தான். 2011-ல் ஆக்ஸ்போர்டு அகராதிக்காரர்கள் கணக்கெடுத்தபோது, வினைச்சொல்லாக மட்டுமே இதற்கு 645 அர்த்தம்!

நம்ம 'ஓடு'வும் லேசுப்பட்டதில்லை. பஸ் ஓடும், படம் ஓடும், ஃபேன் ஓடும். மாசக் கடைசியில் மட்டும் எனக்கு ஒன்றும் ஓடாது. ஆனால் கடையை 'ரன்' பண்ணினால் நடத்துகிறோம்; மூக்கு 'ரன்' ஆனால் ஒழுகுகிறது. தேர்தலில் அமெரிக்கர்கள் ஓடுகிறார்கள். பிரிட்டிஷ்காரர்கள் நம்மைப் போல நிற்கிறார்கள். (ஜெயித்த பிறகு எங்கே ஓடுகிறார்கள் என்று கேட்காதீர்கள்.)

வம்பெல்லாம் வாலில்தான். மேனேஜரை 'ரன் இன்ட்டு' செய்தால் எதேச்சையாகச் சந்தித்தீர்கள். 'ரன் டவுன்' செய்தால் மட்டம் தட்டினீர்கள். 'ரன் ஓவர்' செய்தால்... வண்டியையே ஏற்றிவிட்டீர்கள்! லெட்டரில் வால் மாறினால் வேலை போச்சு.

அதனால், இன்டர்வியூவுக்குப் போகிற தம்பிகளே, சின்ன வினைச்சொல்லைத் தனியாக உருப்போடாதீர்கள். வாலோடு சேர்த்து, முழு வாக்கியமாகப் படியுங்கள். 645-ம் வேண்டாம். ஆறேழு தெரிந்தால் போதும், வண்டி ஓடிவிடும்.