மான் ஏந்திய கையும் நம் கையும்

திருக்கோணேச்சரத்தை நாடிப் பிரெட்ரிக் கோட்டையின் வாயிலுக்குள் நுழையும் யாத்திரிகர், மலையுச்சியில் சுவாமி தரிசனம் பெறுவதற்கு முன்னரே, மரநிழலில் அச்சமின்றிப் படுத்து அசைபோடும் புள்ளிமான்களைக் கண்டு மனம் நெகிழ்ந்துதான் மேலே ஏறுகிறார். திருக்கரத்தில் மானை ஏந்திய பெருமானின் சந்நிதிக்குப் போகும் வழியில் மான்களே எதிர்கொண்டு நிற்பது, சம்பந்தர் பாடிய இத்தலத்துக்கு வாய்த்த தனிப்பேறு. போர்த்துக்கேயர் பழைய ஆலயத்தை இடித்து எழுப்பி, ஒல்லாந்தர் வலுப்படுத்தி, 1803இல் ஆங்கிலேயர் தம் இளவரசர் ஒருவரின் பெயரைச் சூட்டிய அக்கோட்டை, இன்று எளிய பிராணிகளுக்கு அடைக்கலமாக நிற்பது சரித்திரம் செய்த நற்செயல்களுள் ஒன்று.

ஆயினும், அதே மான்கள் கோட்டையை விட்டிறங்கி, திருகோணமலை நகரத்தின் வீதியோரங்களிலே குப்பைக் குவியல்களைக் கிளறித் தின்பதையும் நாம் நாள்தோறும் காண்கிறோம். சோறும் கறியும் ஒட்டிய பொலித்தீன் பையை, அதிலுள்ள உப்பின் சுவைக்காக மான் பையோடு விழுங்கிவிடுகிறது. அசைபோடும் பிராணியின் முதல் இரைப்பையில் அது செரிக்காமலும் வெளியேறாமலும் தங்கி, நாளடைவில் பந்தாகத் திரண்டு, வயிறு நிறைந்துவிட்டதென்ற பொய்யுணர்வைத் தந்து, தீனிக்கு நடுவிலேயே அந்த ஜீவனைப் பட்டினியால் மாய்க்கிறது. உணவு பொதியும் மெல்லிய பொலித்தீன் தாள்கள் 2017 செப்டெம்பர் முதலாந் திகதியிலிருந்து இந்நாட்டில் தடைசெய்யப்பட்டிருந்தும், தடை ஏட்டில் இருக்க, உறை வீதியில் கிடக்கிறது.

பாணும் பிஸ்கட்டும் நீட்டி மானை அருகழைப்பதை ஜீவகாருண்யம் என்று கருதுவோர் பலர். அவர்களுடைய அன்பை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் புல்லுக்கும் தழைக்கும் அமைந்த வயிற்றில் மாவுப் பண்டத்தை நிரப்புவதும், மனிதரையும் வாகனத்தையும் கண்டு விலகியோட வேண்டிய பிராணியை வீதி நடுவே கையேந்தி நிற்கப் பழக்குவதும் காருண்யத்தின் பயனாகா. மான்களைப் பிடித்துத் தொலைக் காடுகளில் விட்டுவிடலாம் என்போரும் உளர். பிடிபடும் அதிர்ச்சியிலேயே உயிர்விடத்தக்க மென்மையான பிராணி மான் என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

உண்மையில் மான் கேட்பது இடம். புல்தரை, பற்றைக்காடு, கோடையிலும் வற்றாத நீர். துறைமுகத்தைச் சூழ்ந்த குன்றுகளும் காடுகளும் 1963இலேயே கடற்படைத் தலைப்பணிகள் சரணாலயமாகப் பிரகடனம் செய்யப்பட்டன. அதே ஆண்டில் சரணாலயமான நிலாவெளியின் புறாத்தீவு, 2003இல் தேசியப் பூங்காவாக உயர்ந்தது. 1937ஆம் ஆண்டின் விலங்கினங்கள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் நம்மிடம் உண்டு. ஆகவே குறை சட்டத்தில் இல்லை. எல்லைக்குள் மரம் விழும்போதும் எல்லையோரத்தில் குப்பை குவியும்போதும் வாளாவிருக்கும் நம் வழக்கத்தில்தான் உள்ளது.

ஆதலின், நகர நிர்வாகம் மூடியுள்ள குப்பைத் தொட்டிகளை வைத்து அன்றாடம் அகற்ற வேண்டும். வனசீவராசிகள் திணைக்களமும் கோட்டையில் நிலைகொண்டுள்ள இராணுவமும் கூடி, கோட்டைக்குள்ளே புல்லும் நீரும் குறையாமல் பேண வேண்டும். மான்கள் குறுக்கிடும் வீதிகளில் வாகனங்களின் வேகம் தணிய வேண்டும். ஆலய நிர்வாகம் ஒவ்வொரு பக்தருக்கும் இதனை எடுத்துரைக்க வேண்டும். இவற்றுள் எதுவும் பெருஞ்செல்வம் வேண்டும் காரியம் அன்று. பெருமான் ஏந்திய மானுக்கு நம் கை செய்யத்தக்க முதல் உபசாரம், உண்ணக் கொடுப்பதன்று. அதன் நிலத்தில் எதையும் எறியாதிருப்பதே.