அவர்களுக்காகவும் சட்டத்தரணி வரத்தான் வேண்டும்

2021 ஜூலை 15ஆம் திகதி டயகமவைச் சேர்ந்த பதினாறு வயதுப் பிள்ளையொன்று, தீக்காயங்களோடு கொழும்பு தேசிய வைத்தியசாலையில் உயிரிழந்தது. ஓர் அரசியல்வாதியின் வீட்டில் வேலைக்கு இருந்த பிள்ளை. டயகமவில் புதைத்த உடலை அந்த மாத இறுதியிலேயே தோண்டியெடுத்து, இரண்டாவது பிரேத பரிசோதனைக்காகப் பேராதனைக்குக் கொண்டுபோனார்கள். மலையகம் கொதித்தது.

அந்த நாட்களில் பஸ்ஸிலும் கடையிலும் நீதிமன்ற வாசலிலும் சட்டத்தரணியான என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "அந்த வீட்டுக்காரங்களுக்காகப் பேசவும் வக்கீல் வருவாங்களா, மிஸ்?" வருவார்கள், வரத்தான் வேண்டும் என்று சொன்னேன். கேட்டவர்களில் சிலர் அதற்குப் பிறகு என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. லயத்தில் பிறந்து வளர்ந்தவள் இப்படிச் சொல்லலாமா என்ற மனவருத்தம் அவர்களுக்கு. அது எனக்கு விளங்காமல் இல்லை. என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்த பிள்ளைகள் ஓ.எல். எழுதுவதற்கு முன்பே தரகர் கையைப் பிடித்துக்கொண்டு கொழும்பு வீடுகளுக்குப் போனதைப் பார்த்தவள் நான். அப்படியிருந்தும் அன்று சொன்ன பதிலைத்தான் இன்றும் சொல்கிறேன்.

புங்குடுதீவு மாணவியின் வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 2015 மே மாதம் அந்தப் பிள்ளை கடத்தப்பட்டு, வன்புணர்வுக்குள்ளாக்கப்பட்டுக் கொல்லப்பட்டபோது, சந்தேகநபர்களுக்காக ஆஜராக மாட்டோம் என்று யாழ்ப்பாணத்துச் சட்டத்தரணிகள் அறிவித்தார்கள். ஊர் கைதட்டியது. சில நாட்களில் யாழ். நீதிமன்றக் கட்டடத்தின் மீது கல் விழுந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் கைதானார்கள். சந்தேகநபர்களுக்குச் சட்டத்தரணி கூடாது என்று கத்திய கூட்டத்தில் நின்ற இளைஞர்களுக்கும் மறுநாள் சட்டத்தரணி தேவைப்பட்டது.

பிறகு மூன்று நீதிபதிகள் கொண்ட ட்ரயல் அட் பார் அமைக்கப்பட்டது. ஒன்பது எதிரிகள். அவர்களுக்காகச் சட்டத்தரணிகள் ஆஜரானார்கள், சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்தார்கள். 2017 செப்டெம்பர் 27இல் தீர்ப்பு வந்தது. ஏழு பேருக்கு மரண தண்டனை, இரண்டு பேர் விடுதலை. ஒன்பது பேரையும் தூக்கில் போடு என்றுதான் தெரு கத்தியது. அன்று தெருவின் பேச்சே தீர்ப்பாகியிருந்தால் அந்த இரண்டு பேரின் கதி என்ன? அந்த ஏழு பேரின் தண்டனைக்குப் பலம் வந்ததும் அந்தக் குறுக்கு விசாரணையிலிருந்துதான். கேட்க வேண்டிய கேள்வியெல்லாம் கேட்டு முடிந்த பிறகு வந்த தீர்ப்பு அது. எதிரிக்காக எவரும் வாய் திறக்காத வழக்கில் கிடைக்கும் தண்டனை, மேன்முறையீட்டில் முதல் தட்டிலேயே ஆடிப்போகும். பாதிக்கப்பட்ட குடும்பம் மறுபடியும் நீதிமன்றப் படியேற வேண்டிவரும்.

இந்த நாட்டில் பெயர்போன குற்ற வழக்கு என்றால் முதியவர்கள் இன்னும் சதாசிவம் வழக்கைத்தான் சொல்வார்கள். கிரிக்கெட் வீரர் மகாதேவ சதாசிவத்தின் மனைவி 1951 ஒக்டோபர் 9ஆம் திகதி பம்பலப்பிட்டி வீட்டில் கொல்லப்பட்டார். கணவர்தான் கொலைகாரர் என்று ஊரெல்லாம் பேச்சு. அவருக்காக ஆஜரானவர் கலாநிதி கொல்வின் ஆர். டி சில்வா. மரணம் நேர்ந்த நேரம்தான் வழக்கின் உயிர் என்று பிடித்துக்கொண்டார். எடின்பரோவிலிருந்து பேராசிரியர் சிட்னி ஸ்மித் வந்து மருத்துவச் சாட்சியம் சொன்னார். ஒன்றரை வருடத்துக்கு மேல் விளக்கமறியலில் இருந்த சதாசிவத்தை 1953 ஜூனில் ஜூரிகள் ஏகமனதாக விடுவித்தார்கள்.

சட்டக் கல்லூரியில் அந்தக் குறுக்கு விசாரணையை எங்களுக்குப் பாடம்போலச் சொல்வார்கள். ஆனால், அதைக் கேட்கும்போதெல்லாம் என் மனம் அந்த வீட்டு வேலைக்காரனிடம்தான் போய் நிற்கும். முதலில் சந்தேகநபராகப் பிடிபட்டு, பிறகு நிபந்தனை மன்னிப்புப் பெற்று அரச தரப்புச் சாட்சியானவன். கொலையைச் செய்தவன் இவனே என்பதுதான் எதிரித் தரப்பின் வாதம். கிராமத்திலிருந்து பிழைக்க வந்த ஓர் ஏழை. சதாசிவத்துக்கு ஒரு கொல்வின் இருந்தார். அவனுக்கு அப்படி யாரும் இல்லை. எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். பணமும் பெயரும் உள்ளவருக்கு நல்ல சட்டத்தரணி கிடைப்பதில் எனக்கு முறைப்பாடு இல்லை. அதே நீதிமன்றத்தில் வேலைக்காரன் வெறுங்கையோடு நிற்கிறானே, முறைப்பாடு அதைப் பற்றியது.

கொல்வின் மலையகத்துக்கும் அந்நியர் அல்ல. 1940 ஜனவரி 10ஆம் திகதி ஹேவாஹெட்டைப் பக்கம் முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர் மீது பொலிஸார் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி செத்துப்போனார். அந்தச் சூட்டைப் பற்றிய விசாரணையில் கோவிந்தனின் மனைவிக்காக ஆஜரானவர் இவரே. சுட்ட பொலிஸ்காரர்களை அங்கே துருவித் துருவிக் கேட்ட அதே வாய்தான், பதின்மூன்று வருடத்துக்குப் பிறகு கொலைக் குற்றம் சாட்டப்பட்ட ஒருவருக்காகவும் பேசியது. ஒன்றைப் புகழ்ந்து மற்றதைத் தூற்ற நமக்கு நியாயமில்லை. (பின்னாளில் 1970 முதல் 1975 வரை இவரே பெருந்தோட்டக் கைத்தொழில் அமைச்சர். அந்தக் காலத்தில் தோட்டங்களில் பட்டினி கிடந்து மடிந்தவர்களை மலையகம் மறக்கவில்லை. அந்தக் கணக்கு வேறு.)

1941இல் புசல்லாவைப் பக்கம் ஸ்டெலன்பேர்க் தோட்டத் துரை போப் கொல்லப்பட்டார். அந்தக் கொலைக்காக அடுத்த வருடம் இரண்டு தொழிலாளர் தூக்கிலிடப்பட்டார்கள். துரைமாரின் செல்வாக்கு கொடிகட்டிப் பறந்த காலத்தில், வெள்ளைக்காரத் துரையைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட தோட்டத் தொழிலாளிக்காகப் பேசுவது எவ்வளவு பெரிய காரியம் என்று யோசித்துப் பாருங்கள். முல்லோயாவில் நமக்காகப் பேசிய கொல்வினே அப்போது சிறையில் இருந்தார். ஊர் வெறுக்கிற எதிரியாக நாமே நின்ற காலம் அது. இன்று நாம் வெறுக்கிற ஒருவருக்குச் சட்டத்தரணி கூடாது என்று சொல்லும்போது அந்த இரண்டு பேரையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

எதிரி தனக்காகப் பேச ஆளில்லாமல் நிற்பது பத்திரிகையில் வராத வழக்குகளில்தான் அன்றாடம் நடக்கிறது. என்னிடம் வந்த ஒரு பையனின் வழக்கைச் சொல்கிறேன். கடை உடைத்துத் திருடியதாகக் குற்றச்சாட்டு. பொலிஸ் வாக்குமூலம் மூன்று பக்கம், முழுக்கச் சிங்களம். கடைசி வரியில், வாசித்து விளங்கப்படுத்தியதாகவும் சரியென்று ஏற்றுக்கொண்டதாகவும் எழுதி, கீழே அவனுடைய கையெழுத்து. அவனுக்குச் சிங்களம் பேச வரும், ஓர் எழுத்தும் வாசிக்கத் தெரியாது. "போடுன்னாங்க, போட்டேன் மிஸ்" என்றான். திருட்டு நடந்ததாகச் சொல்லப்பட்ட இரவில் அவன் எங்கே இருந்தான் என்று அதுவரை எவரும் கேட்டிருக்கவில்லை. ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், இரவு வேலை. கொழுந்து அரைக்கும் பக்கம் நின்றிருக்கிறான். தோட்ட ஒபீஸில் செக்ரோலை, அதாவது நாள் வேலைப் பதிவேட்டை, பார்த்தோம். அந்தத் திகதிக்கு நேரே அவனுக்குப் பேர் விழுந்திருந்தது. ஸ்டோரின் இரவு வேலைப் புத்தகத்திலும் அவன் பெயர் இருந்தது. அந்தப் புத்தகங்களை நீதிமன்றத்துக்கு அழைப்பிப்பதற்குள் அவன் பல வாரம் மறியலில் கிடந்து வந்துவிட்டான். கைதான முதல் நாளே ஒருவர் போய், "ராத்திரி எங்கப்பா இருந்த?" என்று தமிழில் கேட்டிருந்தால் இவ்வளவும் தேவைப்பட்டிருக்காது.

சட்டப் புத்தகத்தில் எல்லாம் இருக்கிறது. குற்றம் சாட்டப்பட்ட எவரும் நேரிலோ சட்டத்தரணி மூலமோ தன் பக்கத்தைச் சொல்ல உரிமை உண்டு என்கிறது அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரை. மேல் நீதிமன்றத்தில் வசதியில்லாத எதிரிக்கு அரச செலவில் சட்டத்தரணி நியமிக்கப்படுவார். சட்ட உதவி ஆணைக்குழு 1978ஆம் ஆண்டின் சட்டத்தின்படி அமைந்தது. ஆனால் தோட்டத்துப் பையனின் வழக்கு கெடுவது பொலிஸ் நிலையத்தில், முதல் நாள் இரவில். பயங்கரவாதத் தடைச் சட்டம் பாய்ந்தால் இன்னும் மோசம். சாதாரண வழக்கில் பொலிஸாரிடம் கொடுத்த குற்ற ஒப்புதல் எதிரிக்கு எதிராகச் செல்லாது. 1979இல் வந்த அந்தச் சட்டத்தின் கீழ், உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத ஓர் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதலே சாட்சியமாகிவிடும். நம் இளைஞர்கள் அந்தச் சட்டத்திலும் உள்ளே போயிருக்கிறார்கள்.

தொழிற்சங்கத் தலைவர்களும் பாராளுமன்ற உறுப்பினர்களும் இதைக் கையிலெடுக்க வேண்டும். நுவரெலியா மாவட்டத்தில் ஒவ்வொரு பொலிஸ் நிலையத்திலும் தமிழ் பேசுபவரின் வாக்குமூலம் தமிழில் எழுதப்பட வேண்டும். கைதான அன்றே வந்து பார்க்கத் தமிழ் தெரிந்த சட்ட உதவிச் சட்டத்தரணி ஒருவர் அரச செலவில் இருக்க வேண்டும். சந்தாப் பணத்தில் ஒரு பங்கை ஒதுக்கினால் சங்கங்களே நாளைக்கே இதைத் தொடங்கலாம்.

அதுவரைக்கும் தோட்டத்துத் தாய் தகப்பன்மாருக்கு நான் சொல்வது இதுதான். பிள்ளையைப் பிடித்துப் போனால் அன்றைக்கே ஒரு சட்டத்தரணியைத் தேடுங்கள். கையில் காசு இல்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்துக்குப் போங்கள். வாசிக்கத் தெரியாத தாளில் கையெழுத்துப் போடாதே என்று பிள்ளைகளுக்கு இன்றைக்கே சொல்லி வையுங்கள்.