முழுகிய மோட்டார்கள்

வெள்ளத்தில் முழுகியோ விபத்தில் நொறுங்கியோ "முழு நஷ்டம்" என்று இன்ஷூரன்ஸ் கம்பெனியாரால் கழிக்கப்பட்ட மோட்டார் கார், சில மாதங்கள் சென்றதும் புதுச் சாயம் பூசிக்கொண்டு வேறொருவர் வீட்டு வாசலில் வந்து நிற்கிறது. வாங்கியவருக்கு அதன் பூர்வ கதை தெரியாது. ஆர்.ஸி. புத்தகத்தைப் புரட்டினாலும் தெரியாது. விற்றவருக்குத் தெரியும், சொல்லவில்லை. பழைய காரை விற்பது குற்றமன்று. அடிபட்ட காரைச் செப்பனிட்டு விற்பதும் குற்றமன்று. அடிபட்டதை மறைத்து விற்பதே குற்றம். அந்தக் குற்றத்துக்குச் சர்க்கார் கொடுக்கும் பத்திரமே திரையாக இருந்துவருவதைத்தான் நாம் கண்டிக்கிறோம்.

காஞ்சீபுரம் ஜில்லாவாசிகள் இவ்விஷயத்தை அசலூர்ச் செய்தியென்று தள்ளிவிட முடியாது. இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் கார்கள் உற்பத்தியாவது இந்த ஜில்லாவில்தான். 2015 டிசம்பர் 1-ந் தேதி இரவு விநாடிக்குச் சுமார் 29,000 கன அடி வீதம் திறந்துவிடப்பட்டு அடையாற்றில் பாய்ந்த செம்பரம்பாக்கம் ஏரி நீரும் இந்த ஜில்லாவினுடையதுதான். மணப்பாக்கம், ஈக்காடுத்தாங்கல், கோட்டூர்புரம் முதலிய இடங்களில் நிறுத்தியிருந்த வண்டிகள் கூரை தெரியாமல் முழுகின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணையில் கார்கள் ஓடங்களைப்போல் மிதந்து சென்றதைத் தேசமே பார்த்தது. அந்த வண்டிகளெல்லாம் எங்கே போயின?

போன வழி இரகசியமன்று. செப்பனிடும் செலவு, பாலிசியில் குறித்த மதிப்பில் 75 சதவிகிதத்தைத் தாண்டுமானால், கம்பெனி அதை முழு நஷ்டமாகக் கணக்கிட்டுச் சொந்தக்காரருக்குப் பணத்தைக் கொடுத்துவிடுகிறது. வண்டியின் உடலம் ஏலத்துக்குப் போகிறது. ஏலத்தில் எடுத்தவர் அதைப் பிரித்துச் சாமான்களாக விற்றால் நேர்மையான வியாபாரம். அவ்விதமின்றி, சேற்றைக் கழுவி, மெத்தையை மாற்றி, வாசனைத் தைலம் தெளித்து, "ஒரே சொந்தக்காரர், குறைந்த ஓட்டம்" என்று விளம்பரம் செய்தால் அதற்கு என்ன பெயர்? மின்சாரக் கம்பிகளுக்குள் புகுந்த நீர் உடனே வேலையைக் காட்டுவதில்லை. மெள்ள மெள்ளப் பச்சை பூத்து, ஒருநாள் நடுரோட்டில் விளக்கை அணைக்கும். ஆபத்து வேளையில் காற்றுப்பை விரியாமற் போகும். குடும்பத்தோடு திருப்பதிக்குப் புறப்பட்டவர் அதை நம்பித்தான் உட்கார்ந்திருப்பார்.

இதைத் தடுக்கச் சட்டமில்லையா? உண்டு, ஆனால் ஓட்டையுள்ள சட்டம். 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம் 55-வது பிரிவின்படி, வண்டி அழிந்துபோனாலோ நிரந்தரமாக உபயோகத்துக்கு லாயக்கற்றுப்போனாலோ, சொந்தக்காரர் 14 நாளைக்குள் பதிவு அதிகாரிக்குத் தெரிவித்து ஆர்.ஸி.யை ஒப்படைக்க வேண்டும். கம்பெனி சொல்லும் முழு நஷ்டமோ ரூபாய் அணாக் கணக்கு. சட்டம் சொல்லும் அழிவு இரும்பின் கணக்கு. இவ்விரண்டுக்கும் நடுவே, கம்பெனிக்குச் செத்ததாயும் சர்க்காருக்கு உயிரோடிருப்பதாயும் எத்தனையோ வண்டிகள் திரிகின்றன. ஆர்.ஸி.யில் சாஸி நம்பர், எஞ்சின் நம்பர், நிறம் வரை எழுத இடமிருக்கிறது. ஒருமுறை கழிக்கப்பட்டது என்று எழுத மட்டும் இடமில்லை.

அமெரிக்காவில் இத்தகைய வண்டியின் உரிமைப் பத்திரத்திலேயே கழிவு முத்திரை விழுகிறது. ராஜ்யத்துக்கு ராஜ்யம் சட்டம் மாறுவதால், முத்திரையைக் கழுவிவிடும் தந்திரமும் அங்கே உண்டு. அதைப் பிடிக்க, 1992-ம் வருஷத்துச் சட்டமொன்றின்கீழ் தேசம் முழுமைக்கும் ஒரே பதிவேடு ஏற்படுத்தினார்கள். அங்கும் மோசடி ஒழிந்துவிடவில்லை. ஆனால் விசாரிக்க விரும்புகிறவனுக்கு விசாரிக்க ஓரிடம் இருக்கிறது.

முத்திரையின் அருமையைக் காஞ்சீபுரத்துக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. நூல் பட்டா, பட்டுப்போன்றதா என்பதைக் கண் மட்டும் கண்டுவிடாது. ஜரிகை வெள்ளியா, வெறும் செம்பா என்பதும் அப்படியே. போலிச் சேலை அசல் விலைக்குப் போகத் தொடங்கியதும் அடிபட்டவர் வாங்கினவர் மட்டுமல்லர். பிள்ளையார்பாளையத்தில் தறிக்குழியில் இறங்கி உண்மையாக நெய்தவரும்தான். அதனாலேயே 2004-ல் மத்திய பட்டு வாரியத்தின் பட்டு முத்திரை வந்தது. 2005-ல் காஞ்சீபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஜார்ஜ் அகர்லாப் என்ற அமெரிக்கப் பொருளாதார நிபுணர் 1970-ல் பழைய கார்ச் சந்தையை உதாரணமாக வைத்தே இந்த நியாயத்தை விளக்கினார். நல்லது எது, சொத்தை எது என்று வாங்குவோருக்குத் தெரியாவிட்டால், எல்லாவற்றுக்கும் சொத்தையின் விலையையே கேட்பார்கள். நல்ல வண்டி வைத்திருப்பவன் சந்தையை விட்டே போய்விடுவான். இவருக்கு 2001-ல் நோபெல் பரிசு கிடைத்தது. நம் நெசவாளி பரிசில்லாமலே இதை அனுபவித்தறிந்தவர்.

ஆகவே கழிக்கப்பட்டு மீண்ட காரை விற்க விரும்புகிறவருக்கு நாம் சொல்வது இதுதான். கம்பெனியின் நஷ்டக் கடிதம், ஸர்வேயர் அறிக்கை, செப்பனிட்ட ரசீதுகள் எல்லாவற்றையும் காட்டுங்கள். விலையைக் குறையுங்கள். குறையை விற்பனைப் பத்திரத்தில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். இழை தப்பிய சேலையை இழை தப்பியதென்று சொல்லி விற்பதில் எந்தக் கடைக்காரருக்கும் அவமானமில்லையே! 1872-ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின் 17-வது பிரிவு, அறிந்த உண்மையை முயன்று மறைப்பதை மோசடி என்கிறது. வெறும் மௌனம் சாதாரணமாக மோசடியாகாது என்றும் அதே பிரிவின் விளக்கம் கூறுவது வாஸ்தவமே. ஆனால் துருவின்மேல் சாயம் பூசுவது மௌனமாகுமா?

வாங்குகிறவர் பெல்ட்டை முழுதும் இழுத்துச் சேற்றுக்கோடு இருக்கிறதா என்று பார்க்கட்டும். விரிப்பைத் தூக்கித் துருவைத் தேடட்டும். பழைய பாலிசியின் கிளெயிம் விவரத்தைக் கேட்கட்டும்.

பணம் வாங்கிக்கொண்டு வண்டியை மறந்துவிடும் முதல் சொந்தக்காரர்களுக்கும் ஓர் எச்சரிக்கை. 29, 30-ம் நம்பர் பாரங்களில் வெற்றுக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவது வழக்கமாயிருக்கிறது. பெயர் மாறாமல் வண்டி நாலு கை மாறி யார்மேலாவது மோதினால், நஷ்டஈடு பதிவிலுள்ள சொந்தக்காரர் தலையில்தான் விழும் என்று சுப்ரீம் கோர்ட் 2018 பிப்ரவரியில் நவீன் குமார் வழக்கில் தீர்ப்பளித்துவிட்டது. கழிந்த வண்டியின் நம்பரைத் திருட்டு வண்டிக்குப் பொருத்தி விற்ற கூட்டமொன்றை 2020-ல் லக்னௌ போலீசார் பிடித்தார்கள். டி.என். 21 நம்பருக்கு அப்படி நேராது என்று யார் ஜாமீன் கொடுப்பார்?

2023 ஏப்ரல் முதல் பழைய கார் வியாபாரிகள் பதிவு அதிகாரியிடம் அங்கீகாரம் பெறவேண்டுமென்று மத்திய சர்க்கார் விதி செய்தது நல்ல ஆரம்பம். ஆனால் வியாபாரியைப் பதிவுசெய்தால் போதாது; வண்டியின் சரித்திரத்தையும் பதிவுசெய்ய வேண்டும். முழு நஷ்டமென்று பணம் கொடுத்த அன்றே கம்பெனி அதைப் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்கவும், அது ஆர்.ஸி.யில் ஏறவும், மறுபரீட்சை தேறாமல் வண்டி ரோட்டுக்கு வராதிருக்கவும் விதி திருத்தப்பட வேண்டும். இதற்குப் புது இலாகா வேண்டாம். பாலிசி உயிரோடிருக்கிறதா என்ற தகவல் கம்பெனிகளிடமிருந்து சர்க்காரின் 'வாஹன்' பதிவேட்டுக்கு ஏற்கெனவே போய்க்கொண்டிருக்கிறது; அதே வழியில் இன்னும் ஒரு வரி போகட்டும். சென்னை சர்க்கார் டில்லியை இதற்கு நெருக்க வேண்டும். அடுத்த ஐப்பசி மழைக்கு முன்பே நெருக்க வேண்டும்.