பூட்டுப் போட்ட எந்திரம்

தலையில் அடிபட்ட ஒருவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வருகிறார்கள். மண்டைக்குள் ரத்தம் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். "சி.டி. ஸ்கேன்" எடுத்தால் சில நிமிடத்தில் தெரிந்துவிடும். ஆனால், எந்திரம் ஓடவில்லை!

ஆஸ்பத்திரியிலேயே என்ஜினீயர் இருக்கிறார். திறமை உள்ளவர்தான். ஆனாலும் அவரால் பழுதைச் சரி செய்ய முடியவில்லை. எந்திரத்துக்குள் ஒரு பூட்டு! இரும்புப் பூட்டு அல்ல. கம்ப்யூட்டரில் ரகசியச் சொல்லால் போட்ட பூட்டு. அதன் சாவி, எந்திரத்தைச் செய்த கம்பெனியிடம் இருக்கிறது.

அமெரிக்காவில் பல ஆண்டுகளாக நடந்துவரும் தகராறு இதுதான்.

என்ன பழுது?

ஸ்கேன் எந்திரத்துக்கு உயிர், எக்ஸ்ரே குழாய். அதற்குள் காற்றே கிடையாது. ஓர் உலோகத் தட்டு பம்பரம்போல் சுழலும். எலெக்ட்ரான்கள் அதிவேகமாக வந்து அதில் மோதும். மோதும் சக்தியில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்குதான் எக்ஸ்ரே கதிர் ஆகிறது. மற்றது எல்லாம் சூடு! சூடு பட்டுப் பட்டுத் தட்டு கெடுகிறது. ஒரு நாள் குழாயே போய்விடுகிறது.

புதுக் குழாயை மாட்டினால் மட்டும் போதாது. கதிரின் அளவு சரிதானா என்று சோதிக்க வேண்டும். அந்தச் சோதனைக்குத்தான் பல எந்திரங்களில் ரகசியச் சொல் கேட்கிறது.

இரு தரப்பு

கண்டவர்கள் கை வைத்தால் நோயாளிக்கு ஆபத்து என்கின்றன கம்பெனிகள். இதில் நியாயம் இல்லாமல் இல்லை. லாஸ் ஏஞ்சல்ஸ் ஆஸ்பத்திரி ஒன்றில் 206 பேருக்கு, உரிய அளவைப்போல் சுமார் 8 மடங்கு கதிர் பாய்ந்தது 2009-ல் வெளியாயிற்று. சிலருக்கு முடி கொட்டியது. ஆனால், அது வெளியார் ரிப்பேரால் வந்த வினை அல்ல. எந்திரத்தில் வைத்திருந்த அளவு மாறியதால் வந்தது.

அமெரிக்க உணவு, மருந்து இலாகா இதை ஆராய்ந்து 2018-ல் அறிக்கை கொடுத்தது. வெளியார் ரிப்பேரால் பரவலாகத் தீங்கு வருகிறது என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்றது.

எந்திரத்தை ஒரு தடவைதான் விற்கலாம். ரிப்பேருக்கோ ஆண்டுதோறும் பணம் வாங்கலாம்! கம்பெனிகளின் பிடிவாதத்துக்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்க இடம் இருக்கிறது.

கோர்ட்டுக்குப் போனது

இப்படிப்பட்ட பூட்டை உடைப்பது 1998-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். சினிமாவையும் பாட்டையும் திருட்டுத்தனமாகப் பிரதி எடுப்பதைத் தடுக்க வந்த சட்டம், ஆஸ்பத்திரிக்குள்ளும் நுழைந்துவிட்டது!

2021-ல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத் தலைவர் விலக்கு அளித்தார். மருத்துவ எந்திரத்தை ரிப்பேர் செய்யப் பூட்டைத் திறக்கலாம் என்றார். (நூலகத்துக்கும் ஸ்கேனுக்கும் என்ன சம்பந்தம்? பதிப்புரிமை இலாகா அங்கேதான் இருக்கிறது.)

கம்பெனிகளின் சங்கங்கள் 2022-ல் வழக்குப் போட்டன. கீழ்க்கோர்ட்டு தள்ளிவிட்டது. 2024 ஜூனில் அப்பீல் கோர்ட்டு, வழக்கை விசாரிக்கலாம் என்று திருப்பி அனுப்பியது. அதே ஆண்டு அக்டோபரில், விலக்கு இன்னும் 3 ஆண்டுக்கு நீடிக்கப்பட்டது.

அந்த விலக்கில் ஒரு வேடிக்கை. ரிப்பேர் செய்பவர் பூட்டைத் திறந்துகொள்ளலாம். ஆனால், திறக்கும் கருவியைச் செய்து பிறருக்கு விற்பது இன்னும் குற்றம்தான். சாவியைக் கொடு என்று கம்பெனியைக் கட்டாயப்படுத்தவும் அதில் இடம் இல்லை.