இன்ஜினின் மூளையைப் படிக்கலாம்... மாற்றலாமா?

‘டீசல் கார்ல இசியூ ரீமேப் பண்ணக் கத்துக்கணும். எங்கேயிருந்து ஆரம்பிக்கிறது?’ - ஆட்டோமொபைல் படிக்கும் பிள்ளைகள் பலரிடம் இன்று இந்தக் கேள்வி இருக்கிறது. லேப்டாப்பை வண்டியில் செருகி, கொஞ்ச நேரத்தில் ‘பிக்கப்’பைக் கூட்டித் தருகிறவர்களைப் பார்த்து வரும் ஆசை இது. ஆசையில் தப்பே இல்லை. ஆனால், மாற்றப் பழகும் முன் படிக்கப் பழக வேண்டும். வெறுமனே படிக்கத் தெரிந்தவர்களே உலகத்தின் பெரிய கார் கம்பெனி ஒன்றின் ரகசியத்தை உடைத்திருக்கிறார்கள்!

முதலில் இசியூ என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். இன்ஜினுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு சின்ன அலுமினியப் பெட்டி. உள்ளே ஒரு கம்ப்யூட்டர். இன்றைய டீசல் காரில் நீங்கள் ஆக்ஸிலரேட்டரை மிதிப்பது ஒரு விண்ணப்பம் மட்டும்தான். எவ்வளவு மிதித்தீர்கள், இன்ஜின் எத்தனை ஆர்பிஎம்-ல் சுற்றுகிறது, உள்ளே எவ்வளவு காற்று வருகிறது, கூலன்ட் எவ்வளவு சூடு என்றெல்லாம் பார்த்துவிட்டு, எத்தனை மில்லிகிராம் டீசலை, எந்த நொடியில் தெளிப்பது என்று இசியூதான் முடிவு செய்கிறது. காரின் டயரில் இருக்கும் அழுத்தம் சுமார் 2 பார். டீசலை இன்ஜெக்டருக்கு அனுப்பும் காமன் ரெயில் குழாயில் அது 1,600 பார், 2,000 பார் என்றெல்லாம் போகும். அந்த அளவு அழுத்தத்தோடு விளையாடுகிறோம் என்பது நினைவில் இருக்கட்டும்.

எண்களின் காடு

இசியூ-விலிருந்து எடுத்த ஃபைலைத் திறந்தால் வார்த்தை எதுவும் இருக்காது. எண்கள், எண்கள், எண்கள். அவற்றில் பெரும் பகுதி கம்ப்யூட்டருக்கான கட்டளைகள். மீதியில் இருப்பவைதான் ‘மேப்’கள். மேப் என்றதும் பயப்பட வேண்டாம், பள்ளிக்கூட வாய்ப்பாடு மாதிரிதான். மேலே ஆர்பிஎம், பக்கவாட்டில் மிதித்த அளவு, இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் விடை.

கற்றுக்கொள்பவர் முதலில் தடுக்கி விழும் இடம், எண்ணை எந்தப் பக்கமிருந்து வாசிப்பது என்பது. ஐடிலிங்கில் இன்ஜின் 800 ஆர்பிஎம்-ல் சுற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கம்ப்யூட்டரின் 16-அடிமான எண் முறையில் அது 03 20. சில பிராசஸர்கள் இதை அப்படியே எழுதும். சில திருப்பிப்போட்டு 20 03 என்று எழுதும். திருப்பி எழுதியதை நேராக வாசித்தால் 8,195 என்று வரும். டீசல் கார் ஐடிலிங்கில் 8,195 ஆர்பிஎம் சுற்றுமா? ‘சுற்றாதே’ என்று உங்களுக்குத் தோன்றினால், படிக்க ஆரம்பித்துவிட்டீர்கள் என்று அர்த்தம். இன்ஜின் தெரிந்தவருக்குத்தான் எண்ணும் புரியும்.

அடுத்தது அளவுகோல். பல டீசல் இசியூ-க்களில் வெப்பநிலை 3631 என்பதுபோல இருக்கும். அதில் 2731-ஐக் கழித்து, பத்தால் வகுத்தால் 90 டிகிரி செல்சியஸ். இப்படி ஒவ்வொரு மேப்புக்கும் அலகு கண்டுபிடிக்க வேண்டும்.

‘புகை வரம்பு’ என்றொரு மேப் உண்டு. இவ்வளவு காற்று வந்தால் இவ்வளவு டீசல்தான், அதற்கு மேல் கிடையாது என்று சொல்வது அது. ‘பிக்கப் வேண்டும்’ என்று இதை மட்டும் உயர்த்தினால் என்ன ஆகும்? எரிய காற்று போதாமல் கரும்புகை வரும். எக்ஸாஸ்ட் சூடு ஏறும். டர்போவும் பிஸ்டனும் அடி வாங்கும். எண்ணை மாற்ற ஒரு நொடி போதும். அந்த எண் அங்கே ஏன் இருக்கிறது என்று புரியத்தான் வருடங்கள் ஆகும்.

படித்தவர்கள் கண்டுபிடித்தது

ஃபோக்ஸ்வேகன் கதைக்கு வருவோம். 2013-ல் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகக் குழு, அந்த கம்பெனியின் டீசல் கார்களில் அளவுக் கருவிகளை ஏற்றி, சாலையில் ஓட்டிப் பார்த்தது. அரவிந்த் திருவேங்கடம் என்ற ஆய்வாளரும் அந்தக் குழுவில் இருந்தார். ஒரு ஜெட்டா கார், அனுமதித்த அளவைவிட 15 முதல் 35 மடங்கு நைட்ரஜன் ஆக்ஸைடை வெளியேற்றியது. ஆனால், டெஸ்ட் லேபில் இந்தக் கார்கள் சமர்த்துப் பிள்ளைகள்! 2015 செப்டம்பரில் ஏமாற்று மென்பொருள் இருப்பதை அமெரிக்க அரசு அறிவித்தது. உலகம் முழுக்க சுமார் 1.1 கோடி கார்களில் அது இருந்ததாக கம்பெனியும் ஒப்புக்கொண்டது.

எப்படி ஏமாற்றியது என்பதை விளக்கியவர்கள் மென்பொருளைப் படித்தவர்கள். ஜெர்மனியைச் சேர்ந்த ஃபெலிக்ஸ் டோம்கே தன் சொந்தக் காரின் இசியூ-வை ஆராய்ந்து, அந்த ஆண்டு டிசம்பரில் ஹாம்பர்க் நகரில் நடந்த மாநாட்டில் விளக்கினார். பிறகு அவரும் ஜெர்மனி, அமெரிக்க ஆய்வாளர்களும் சேர்ந்து 926 இசியூ ஃபைல்களைப் பரிசோதித்தார்கள். 406-ல் அந்தத் தந்திரம் இருந்தது. 2017-ல் இது ஆய்வுக் கட்டுரையாக வந்தது.

தந்திரம் ரொம்ப எளிமை. ஐரோப்பிய டெஸ்ட்டில் கார் 1,180 நொடிகளில் சுமார் 11 கிலோமீட்டர் ஓடும். எந்த நொடியில் எவ்வளவு தூரம் என்பதும் எழுதிவைத்தது. கார் அந்தக் கணக்கை ஒட்டியே ஓடுகிறதா என்று மென்பொருள் கவனிக்கும். ஒட்டினால், ‘இது டெஸ்ட்’ என்று புகைக்கட்டுப்பாடு முழுதாக வேலை செய்யும். விலகினால், ‘இது ரோடு’ என்று தளர்ந்துவிடும். இந்தப் பகுதிக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் என்ன தெரியுமா? ஒலி சம்பந்தப்பட்டது என்று பொருள்தரும் ஒரு சாதுவான பெயர்!

நம் ஊருக்கு வந்தால்...

பிஎஸ்-6 டீசல் கார்களில் கரித்துகளைப் பிடிக்கும் டிபிஎஃப் ஃபில்டர் இருக்கிறது. அது அடைத்துக்கொண்டால் சுத்தம் செய்யச் செலவாகும். ‘டிபிஎஃப், இஜிஆர் எல்லாத்தையும் சாஃப்ட்வேர்லயே ஆஃப் பண்ணிடலாம்’ என்று சொல்பவர்கள் உண்டு. ஃபோக்ஸ்வேகன் ரகசியமாகச் செய்ததைத்தான் இவர்கள் காசு வாங்கிக்கொண்டு வெளிப்படையாகச் செய்கிறார்கள்.

நைட்ரஜன் ஆக்ஸைடு ஆஸ்துமாக்காரர்களுக்கு எமன். நம் ஊரில் டீசல் வண்டிக்கு எடுக்கும் பொல்யூஷன் சர்டிஃபிகேட், புகையின் அடர்த்தியை மட்டுமே அளக்கிறது. நைட்ரஜன் ஆக்ஸைடு அந்தக் கணக்கில் வராது. எனவே இஜிஆரை ஆஃப் செய்த வண்டி சர்டிஃபிகேட்டோடு ஊர் சுற்றலாம். அதைப் பிடிக்க ஆள் இல்லை என்பதால்தான், லேப்டாப் வைத்திருப்பவரின் மனசாட்சி முக்கியமாகிறது.

எங்கேயிருந்து ஆரம்பிப்பது? பழைய இரும்புக் கடையில் கிடைக்கும் ஒரு பழைய இசியூ-வை வாங்குங்கள். மேஜையில் வைத்து, 12 வோல்ட் சப்ளை கொடுத்து ஃபைலை எடுங்கள். ஒரிஜினலை இரண்டு இடத்தில் பத்திரப்படுத்துங்கள். ஒரே ஒரு எண்ணை மாற்றினாலும் ஃபைலின் சரிபார்ப்புத் தொகை பொருந்தாமல் போகும். அது ஏன் என்று கண்டுபிடியுங்கள். ஐந்து மேப்களுக்காவது அலகோடு பெயர் எழுதுங்கள். அதுவரை ஓடுகிற வண்டியில், அதுவும் அடுத்தவர் வண்டியில், கை வைக்க வேண்டாம்.

இதைப் படிக்கத் தெரிந்தவர்கள் சர்வீஸ் சென்டருக்கும் தேவை, வண்டி தயாரிப்பவர்களுக்கும் தேவை, தப்பைக் கண்டுபிடிக்கும் அரசுக்கும் தேவை. தைரியமாகக் கற்றுக்கொள்ளுங்கள்!