கூண்டு ஏற்றினால் போதுமா?

"பாம்பன்ல கூண்டு ஏத்திட்டாங்களாம்!"

ஐப்பசி, கார்த்திகை பிறந்துவிட்டால் ராமநாதபுரம் கடற்கரையில் டீக்கடைக்கு டீக்கடை இந்தப் பேச்சுதான். பத்திரிகையில் தலைப்பு வரும். ரேடியோவிலும் டெலிவிஷனிலும் சொல்வார்கள். "மூணாம் நம்பராம்" என்பார் ஒருவர். "இல்லப்பா, அஞ்சு" என்பார் இன்னொருவர்.

"சரி, மூணுன்னா என்ன? அஞ்சுன்னா என்ன?" என்று கேட்டுப் பாருங்கள். பலர் முழிப்பார்கள்.

"நம்பர் ஏறினா ஆபத்தும் ஏறும். அவ்வளவுதான்!" என்று ஒருவர் பேச்சை முடித்துவிடுவார்.

அது பாதிதான் சரி.

மொத்தம் 11 கூண்டுகள்

புயல் எச்சரிக்கைச் சின்னங்கள் மொத்தம் 11. பகலில் கூம்பும் உருளையும் கம்பத்தில் ஏறும். இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகள் எரியும்.

1 என்றால், எங்கோ தூரத்தில் கடலில் காற்றழுத்தம் குறைந்திருக்கிறது என்று அர்த்தம். 2 என்றால், தூரத்தில் புயலே உருவாகிவிட்டது. 3 ஏறினால் இந்தத் துறைமுகத்திலேயே பலத்த காற்று வீசலாம். 4 ஏறினால் புயல் இந்தப் பக்கம் வரலாம், ஆனால் ஆபத்து இன்னும் முற்றவில்லை.

இனிமேல்தான் குழப்பம். 5, 6, 7 மூன்றுமே ஒரே ரகப் புயலுக்கு உரியவை. புயல் தனக்கு இடப்பக்கம் துறைமுகத்தை விட்டுவிட்டுக் கரை கடக்கும் என்றால் 5. வலப்பக்கம் விட்டுவிட்டுக் கடந்தால் 6. துறைமுகத்தின் மேலேயே அல்லது பக்கத்திலேயே கடந்தால் 7. கடும் புயல் என்றால் அதே வரிசையில் 8, 9, 10.

ஆக, 5-ஐ விட 6 பலமான புயல் அல்ல. அது வேறு பக்கமாகப் போகும் புயல்!

கடைசியாக 11. வானிலை மையத்தோடு தகவல் தொடர்பே அறுந்துபோய்விட்டது என்று அதற்கு அர்த்தம்.

இது கப்பல் கேப்டன்களின் பாஷை. அவர்களுக்குப் புரியும். புரிய வேண்டும் என்றுதான் ஏற்பாடே வந்தது. பிரிட்டனில் 1859-ல் 'ராயல் சார்ட்டர்' என்ற கப்பல் புயலில் உடைந்து நூற்றுக்கணக்கானவர்கள் மாண்டார்கள். அதன் பிறகு அட்மிரல் பிட்ஸ்ராய் என்பவர் 1861-ல் துறைமுகங்களுக்குப் புயல் எச்சரிக்கை அனுப்பும் முறையைக் கொண்டுவந்தார். 1864-ல் கல்கத்தாவைப் புயல் சூறையாடியது. மறு வருஷமே அந்தத் துறைமுகத்தில் எச்சரிக்கை முறை வந்துவிட்டது.

நல்ல ஏற்பாடுதான். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இன்றைக்குப் பாம்பன் கடலில் அதிகம் இறங்குவது யார்? கப்பலா? விசைப்படகும் வல்லமும் நாட்டுப்படகும்தான்!

கண்ணுக்கு எட்டாத கம்பம்

கூண்டு ஏறுவது பாம்பன் துறைமுக அலுவலகத்தில். ராமேஸ்வரம் படகுத்துறை அங்கிருந்து 10 கிலோ மீட்டருக்கு மேல். மண்டபம் பாலத்துக்கு அந்தப் பக்கம். கீழக்கரை, ஏர்வாடி, மூக்கையூர், தொண்டி எல்லாம் இன்னும் தூரம். அங்கே வலையைத் தூக்கிக்கொண்டு அதிகாலையில் கரைக்கு வருகிறவர் கண்ணில் பாம்பன் கம்பம் படுமா?

படாது. அவருக்கு அது காதில் விழும் செய்திதான். காது வழியாக வரும் செய்தி வாய்க்கு வாய் மாறும். மூன்று ஐந்தாகும். ஐந்து ஒன்றுமில்லாமலும் போகும்.

எச்சரிக்கை கண்ணில் படாமல் போனால் என்ன ஆகும் என்பதை இந்த மண்ணுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

1964 டிசம்பர் 22 இரவு. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் பாசஞ்சர் ரயில் கிளம்பியது. கடல் கொந்தளித்துக்கொண்டிருந்தது. தனுஷ்கோடியை நெருங்கும்போது சிக்னல் விளக்கு எரியவில்லை என்றும், டிரைவர் காத்திருந்து பார்த்துவிட்டு நீளமாக விசில் ஊதி ரயிலை நகர்த்தினார் என்றும் சொல்வார்கள். ராட்சத அலை வந்தது. ரயிலோடு நூறுக்கும் மேற்பட்டவர்களைக் கடல் கொண்டுபோய்விட்டது. விடிந்தபோது தனுஷ்கோடி என்ற ஊரே இல்லை.

ரயில்வே பாடம் படித்தது. பாம்பன் பாலத்தில் காற்றின் வேகத்தை அளக்கும் கருவி வந்தது. மணிக்கு 58 கிலோ மீட்டரைத் தாண்டினால் ரயில் விடக்கூடாது என்று விதி வந்தது. 2025 ஏப்ரல் 6-ந்தேதி திறக்கப்பட்ட புதிய பாலத்திலும் காற்றளவுக் கருவி சிக்னலோடு இணைக்கப்பட்டிருக்கிறது. காற்று அளவை மீறினால் தானாகச் சிவப்பு எரியும். ரயில் நிற்கும்.

டிரைவர் அர்த்தம் தேட வேண்டியதில்லை. யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. சிவப்பு என்றால் நிற்க வேண்டும். அவ்வளவுதான்.

பாலத்தின் மேலே போகிற ரயிலுக்கு இந்த ஏற்பாடு. பாலத்துக்குக் கீழே போகிற படகுக்கு?

"போன் இருக்கே!"

"இப்பத்தான் எல்லார் கையிலயும் செல்போன் இருக்கே. பலகை எதுக்கு?" என்று கேட்பார்கள்.

நியாயமான கேள்வி. போனில் வானிலைச் செய்தி வருகிறது. பாம்பனில் மீனவர்களுக்காகவே 'கடல் ஓசை' என்ற வானொலி 2016-ல் தொடங்கப்பட்டது. விசைப்படகு என்றால் மீன்வளத்துறை டோக்கனை நிறுத்திவிடும். இவை எல்லாமே வேண்டியவைதான்.

ஆனால் போன் ஒருத்தர் பார்ப்பது. பலகை ஊரே பார்ப்பது. வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

படகுக்காரருக்கு டீசல் கடன். ஐஸ் கடன். வட்டி ஓடுகிறது. "லேசான காத்துதான், வாங்கப்பா போவோம்" என்கிறார். கூலிக்குப் போகிறவருக்கு மனசுக்குள் பயம். ஆனால் "வரமாட்டேன்" என்றால் நாளைக்கு வேறு ஆளைக் கூப்பிட்டுக்கொள்வாரே! தன் போனைக் காட்டி முதலாளியோடு வாதாட முடியுமா? வாட்ஸ்அப்பில் வந்தது வதந்தி என்று தள்ளிவிடலாம்.

அதே துறையில், எல்லோரும் நடக்கும் வழியில், ஆள் உயரப் பலகையில் சிவப்பு பூசியிருந்தால்? "பலகையில செவப்பு இருக்குண்ணே. நான் வரலை" என்று சொல்ல அவருக்கு ஒரு பிடி கிடைக்கும். சொல்வது அவர் அல்ல, பலகை. ஊர் முழுக்கப் பார்த்ததை யாரும் பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது.

தொழிலாளியின் உயிருக்கு அந்தப் பலகை ஒரு சாட்சி!

பாசி எடுக்கும் பெண்கள்

படகுக்காவது ஒரு டோக்கன் இருக்கிறது. பாம்பன், சின்னப்பாலம், மண்டபம் பகுதிகளில் கடல்பாசி எடுக்கும் பெண்களை நினைத்துப் பாருங்கள். கண்ணாடி மாட்டிக்கொண்டு, விரலில் துணி சுற்றிக்கொண்டு, மூச்சடக்கி முங்கிப் பாறையிலிருந்து பாசியைப் பிய்த்து எடுக்கிறார்கள். கரையை ஒட்டி இறங்கும் அவர்கள் எந்த அலுவலகத்திலும் டோக்கன் வாங்கிக்கொண்டு போகிறவர்கள் அல்ல. ஆகவே டோக்கனை நிறுத்தி அவர்களை நிறுத்த முடியாது. அவர்கள் இறங்கும் இடத்தில் பலகை இருந்தால்தான் உண்டு.

கரையிலும் இதே கதைதான். மீன் இருந்தால் ஐஸ் பேக்டரி இருக்கும். ஐஸ் பேக்டரி என்றால் பெரும்பாலும் அம்மோனியா வாயு இருக்கும். அது கசிந்தால் கண் எரியும், மூச்சு அடைக்கும். எந்தப் பக்கம் ஓடுவது? காற்று வாயுவைத் தள்ளுகிற பக்கம் ஓடினால் வாயுவும் கூடவே வரும். குறுக்கே ஓட வேண்டும், ஈரத்துணியால் மூக்கை மூட வேண்டும். இந்த இரண்டு வரியும் எங்கே இருக்க வேண்டும்? மேனேஜர் அறைக் கண்ணாடிக்குள்ளா? வாயு வரும் குழாய்க்குப் பக்கத்தில், பெரிய எழுத்தில், படத்தோடு! கூரையில் காற்றுத் திசை காட்டும் துணி ஒன்றும் பறக்க வேண்டும்.

1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டமே இதைச் சொன்னது. சட்டச் சுருக்கத்தைப் பெரும்பாலான தொழிலாளிகளுக்குப் புரியும் பாஷையில், வாசலுக்குப் பக்கத்தில், கண்ணில் படும்படி ஒட்ட வேண்டும் என்றது. புரிய வேண்டும், கண்ணில் பட வேண்டும். இந்த இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் அது சுவரில் தொங்கும் வெறும் தகரம்!

நல்லவாடு காட்டிய வழி

முடியுமா என்று சந்தேகப்பட வேண்டாம். புதுச்சேரிப் பக்கத்துக் கிராமங்களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 முதல் தகவல் மையங்களை அமைத்தது. அலை எவ்வளவு உயரம் எழும் என்று மீனவர் தெருவில் ஒலிபெருக்கியில் சொன்னார்கள். 2004 டிசம்பர் 26-ந்தேதி சிங்கப்பூரில் இருந்த உள்ளூர்க்காரர் ஒருவர் சுனாமிச் செய்தியைப் பார்த்துவிட்டு நல்லவாடு கிராமத்துக்குப் போன் செய்தார். ஊரில் ஒலிபெருக்கி தயாராக இருந்தது. உடனே அலறியது. மக்கள் மேட்டுக்கு ஓடினார்கள். ஊர் பிழைத்தது!

போனில் வந்த செய்தியை ஊருக்கே பொதுவாக்க ஒரு கருவி இருந்தது. அதுதான் காப்பாற்றியது.

ஐதராபாத்தில் உள்ள இந்திய தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் மீன்பிடித் துறைமுகங்களில் மின்னணு அறிவிப்புப் பலகைகளை வைத்திருக்கிறது. நல்ல காரியம். ஆனால் சின்னச் சின்னத் துறை ஒவ்வொன்றுக்கும் அது வரும்வரை காத்திருக்க வேண்டுமா? புயல் இரவில் மின்சாரம் போனால் என்ன செய்வது? கரும்பலகைக்குக் கரண்ட் வேண்டாம். ஒரு டப்பா பெயிண்ட், ஒரு பெட்டி சாக்பீஸ் போதும்.

பலகையே எல்லாம் செய்துவிடும் என்று யாரும் ஏமாற வேண்டாம். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி வந்தபோது, கன்னியாகுமரிப் பக்கத்து மீனவர்கள் பலர் நாள்கணக்கில் தங்கும் தொழிலுக்கு ஆழ்கடலில் இருந்தார்கள். கரையில் என்ன எழுதியிருந்தாலும் அவர்கள் கண்ணில் பட்டிருக்காது. நூற்றுக்கணக்கானவர்கள் கரை திரும்பவே இல்லை. ஆழ்கடலுக்குப் போகும் படகுக்கு ரேடியோ, செயற்கைக்கோள் கருவி எல்லாம் கட்டாயம் வேண்டும். பலகை வேலை செய்வது கால் தண்ணீரில் படுவதற்கு முன்னால்தான். ஆனால் அந்த ஒரு நிமிஷம்தான் பல உயிரைக் காக்கும் நிமிஷம்!

என்ன எழுத வேண்டும்?

நம்பர் மட்டும் எழுதினால் பழைய குழப்பம்தான். காற்று வாடையா, கொண்டலா, கச்சானா, சோழகமா? வேகம் எவ்வளவு? அலை எத்தனை அடி? போகலாமா, கூடாதா? இந்த நாலு வரி. வானிலைத் துறையே பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நிறம் கொடுக்கிறது. அந்த நிறத்தில் ஒரு தகடு. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் நிறம் தெரியும்.

தேதியும் மணியும் கட்டாயம். போன வாரத்துச் சிவப்பு இந்த வாரமும் தொங்கினால், அடுத்த தடவை நிஜச் சிவப்பையும் யாரும் மதிக்க மாட்டார்கள். ஆபத்து விலகியதும் இறக்குவதும் ஏற்றுவதைப் போலவே முக்கியம்.

இன்னொரு வரி: "போன படகு இத்தனை, திரும்பியது இத்தனை." சாயங்காலம் இரண்டு கணக்கும் ஒத்துப்போகாவிட்டால் பொழுது சாய்வதற்குள் தேடக் கிளம்பலாம். கீழே கடலோரக் காவல்படையின் 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமப் போலீசின் 1093 என்ற நம்பர்கள்.

இதற்குக் கோடிக்கணக்கில் திட்டம் வேண்டாம். செய்தியை மீன்வளத்துறை கொடுக்கட்டும். எழுதும் பொறுப்பை ஊர்ச் சங்கம் ஏற்கட்டும். வீட்டுக்காரர் கடலுக்குப் போனால் கரையையே பார்த்துக்கொண்டிருப்பவள் பெண்தான். பலகைப் பொறுப்பை மகளிர் குழுக்களிடம் கொடுத்தால் ஒரு நாளும் தவறாது.

பாம்பன் கம்பத்தில் கூண்டு ஏறட்டும். அது கப்பலுக்கு. அதே நேரத்தில் ஒவ்வொரு துறையிலும் ஒரு பலகை ஏற வேண்டும். அது வலை இழுக்கிறவருக்கு, பாசி எடுக்கிறவளுக்கு.

அடுத்த கார்த்திகைக்குள் அதிகாரிகள் இதைச் செய்து முடிப்பார்களா?